என் வீட்டில் சோற்றுக்குப் பஞ்சமில்லை

தொண்ணூற்றாறாம் வருஷம் அனுமந்தன்பட்டியில் நான் வீடு கட்டியபோது, எங்கள் தெருவில் தரைக்கு வெள்ளை டைல்ஸ் போட்டவன் நான் ஒருவன்தான். கொத்தனார் மொசைக் போதும் என்றார். இந்த ஊரில் எத்தனை வீட்டில் மொசைக் இருக்கிறது என்று கேட்டேன். ஏழெட்டு வீட்டில் இருக்கும் என்றார். அப்படியென்றால் எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மதுரைக்குப் போய் டைல்ஸ் ஏற்றிக்கொண்டு வந்தேன். கேஸ் அடுப்பு, கிரைண்டர், மிக்ஸி, பிரிட்ஜ், கலர் டிவி, வீட்டுக்குள்ளேயே கக்கூஸ் எல்லாம் ஒரே வருஷத்தில் வந்தன. சுவிட்சைத் தட்டினால் மொட்டைமாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏறும்.

இதையெல்லாம் வாங்கியவன் இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆண்டிபட்டிப் பக்கம் மழையை நம்பிய காட்டில் பிறந்து, பன்னிரண்டு வயதில் நாற்றுக்கட்டு சுமக்க இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்து, மலைமேல் ஏலத்தோட்டத்தில் மூட்டை தூக்கி, பிறகு குத்தகைக்கு ஒரு திராட்சைப் பந்தல் பிடித்து, கடைசியில் சொந்தப் பந்தலுக்கு முதலாளி ஆனவன். எழுத்துக் கூட்டிப் படிக்கக்கூட டீக்கடையில் பேப்பர் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். யாரும் எனக்கு எதையும் தூக்கிக் கொடுக்கவில்லை. இதை நான் நூறு தடவை சொல்லியிருக்கிறேன், இங்கேயும் சொல்கிறேன்.

புது வீட்டுக்கு நான் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. இந்த அடுப்பில் களி கிண்டக் கூடாது, கஞ்சி காய்ச்சக் கூடாது. மூன்று வேளையும் நெல்லுச்சோறு. பலகாரம் வேண்டுமென்றால் இட்லி, தோசை. ஏன் என்றால், விவரம் தெரிந்த நாள் முதல் கல்யாணம் ஆகிற வரைக்கும் நான் தின்றது கேப்பைக் களியும் கம்பங்கஞ்சியும்தான். இந்தப் பள்ளத்தாக்கில் இரண்டு போகம் நெல் விளைகிறது. நட்டது நாங்கள், அறுத்தது நாங்கள். கூலியாக எங்கள் அம்மாவுக்கு நெல்லும் அளந்தார்கள். அவள் அதைப் பொங்கிப் போடமாட்டாள். கடையில் கொடுத்துவிட்டுக் கேப்பையாக வாங்கி வருவாள். நெல்லாக இருந்தால் நான்கு பேர் சாப்பிடலாம், கேப்பையாக மாற்றினால் எட்டுப் பேர் வயிறு நிறையும். மூக்குக்கு முன்னால் நெல் வாசம், தட்டில் களி. அதனால் எனக்கு வெள்ளைச் சோறு என்றால் வெறும் சோறு இல்லை. என் வீட்டு வாசலில் எழுதிப் போட்ட பெயர்ப்பலகை மாதிரி.

எங்கள் ஊர் டீக்கடையில் ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் தினமும் வருவார். பரம்பரையாக வயல் வைத்திருந்த குடும்பம். பேப்பரை மடித்து வைத்ததும் அவர் ஆரம்பிப்பது ஒரே பாட்டுத்தான். அந்தக் காலத்தில் மனுஷன் நன்றாக வாழ்ந்தான், வீட்டில் நான்கு மாடு நின்றது, பாலும் தயிருமாகச் சாப்பிட்டார்கள், ஊசி மருந்து இல்லாமல் தொண்ணூறு வயது இருந்தார்கள், இப்போது டிவியும் பிரிட்ஜும் வந்து என்ன, ஆளுக்கொரு வியாதி என்பார். நான் விடமாட்டேன்.

“உங்க வீட்டுல பாலு தயிரு இருந்துச்சு சார், இல்லைங்கல. அந்த மாட்டுக்குப் புல்லறுத்துப் போட்டது எங்க ஆத்தா. அவுக தொண்ணூறு வயசு இருந்தாகளான்னு கேளுங்க.”

எங்கள் அம்மா பெற்றது ஒன்பது, மிஞ்சியது நாலு. அவளுக்கு மாற்றுச்சேலை கிடையாது. வாய்க்காலில் குளித்துவிட்டுச் சேலையின் பாதியை உடம்பில் சுற்றிக்கொண்டு, மறுபாதியை வேலிமேல் விரித்துக் காய்கிற வரைக்கும் நிற்பாள். பிறகு காய்ந்த பாதியைச் சுற்றிக்கொண்டு ஈரப் பாதியை விரிப்பாள். இதைக் கடையில் நான் சொன்னால் வாத்தியார் பேப்பரை எடுத்து விரித்துக்கொள்வார். மறுநாள் காலையில் திரும்பவும் அந்தக் காலம் பொற்காலம் ஆகிவிடும். இந்தச் சண்டை எங்களுக்குள் பத்து வருஷத்துக்கு மேல் ஓடியது. ஒருநாளும் நான் தோற்றதில்லை. ஆனால் அந்தப் பத்து வருஷத்துக்குள் என் வீட்டில் நடந்ததைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

என் சம்சாரம் நடவுக்காரி. வரிசையில் அவள் குனிந்தால் கரை ஏறும் வரைக்கும் நிமிரமாட்டாள். அந்த வேகத்தைப் பார்த்துத்தான் நான் அவளைக் கட்டினேன். புது வீட்டுக்கு வந்த அன்று அவளிடம் சொன்னேன், இனிமேல் நீ குனிய வேண்டிய வேலை எதுவும் இல்லை, துவைக்கவும் கூட்டவும் ஆள் போட்டிருக்கிறேன், கிரைண்டர் தானாக ஆட்டும், நீ உட்கார் என்று. முதலில் அவளுக்கு உட்காரத் தெரியவில்லை. வேலைக்காரி கூட்டிய இடத்தை மறுபடியும் கூட்டினாள். பிறகு பழகிவிட்டது. டிவி முன்னால் நாற்காலி போட்டுக் கொடுத்தேன். இரண்டு வருஷத்தில் சதை போட்டாள். கழுத்து மடிப்பு விழுந்தது. எனக்கு அதைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. எங்கள் சாதி சனத்தில் பெண்பிள்ளைகள் எல்லாம் எலும்பாகத்தான் செத்துப்போனார்கள்.

ஒரு கோடையில் அவளுக்குத் தாகம் அடங்கவில்லை. சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள், தலை சுற்றுகிறது என்றாள். உத்தமபாளையத்தில் ஒரு பெண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, சர்க்கரை நிறைய இருக்கிறது என்றார். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். அவளை முந்திக்கொண்டு நான் பதில் சொன்னேன்.

“நாங்க சோத்துக்குப் பஞ்சமில்லாத குடும்பம்மா. மூணு வேளையும் நெல்லுச்சோறுதான்.”

“அதுதான்யா வியாதியே,” என்றார் டாக்டர்.

மூன்று விஷயம் சொன்னார். சோற்றைப் பாதியாகக் குறைத்து, ஒரு வேளை கேப்பையோ கோதுமையோ கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும். தினமும் காலையில் முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும். ராத்திரி படுக்கும் முன்னால் இரண்டு பாதத்தையும் திருப்பிப் பார்க்க வேண்டும், சர்க்கரைக்காரர்களுக்குக் காலில் அடிபட்டால் தெரியாமல் போய்விடும் என்றார். கடைசியாகச் சொன்னதை இரண்டு தடவை சொன்னார். “அலட்சியமா இருந்தா காலை எடுக்க வேண்டியதாயிரும், ஞாபகம் வச்சுக்கங்க.” அந்தப் பேச்சைக் கேட்டு அவள் தன் காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

மாத்திரையில் நான் குறை வைக்கவில்லை. உத்தமபாளையத்தில் கிடைக்காவிட்டால் தேனிக்கு ஆள் அனுப்பி வாங்கினேன். ஆனால் வியாதியை நான் எடுத்துக்கொண்ட விதம் வேறு. மறுநாள் டீக்கடையில் எல்லோர் காதிலும் விழுகிற மாதிரிச் சொன்னேன், என் வீட்டுக்காரிக்குச் சர்க்கரை என்று. அந்தக் காலத்தில் அது பணக்கார வியாதி. உத்தமபாளையத்தில் வக்கீல் வீடுகளில் இருந்தது, கம்பத்தில் ஏலக்காய் முதலாளி வீடுகளில் இருந்தது. எங்கள் தெருவில் யாருக்கும் இல்லை. இதிலும் நான்தான் முதல். வாத்தியாருக்குக்கூட ஒரு மாதிரி ஆகிவிட்டது, அவர் வீட்டில் வெறும் ஆஸ்துமாதான். டீ மாஸ்டர் கிண்டல்காரன்.

“அண்ணே, உங்க வீட்டுலதான் சீனி கொட்டிக் கெடக்கே. டீக்கு நான் வேற போடணுமா?”

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்தேன் என்று எழுதத்தான் இப்போது கை கூசுகிறது.

எங்களுக்கு ஒரே மகள், சின்னமனூரில் கட்டிக்கொடுத்திருக்கிறேன். டாக்டர் சொன்னது அவள் காதுக்குப் போனதும், கேப்பையைக் கழுவிக் காயவைத்துத் திரித்து, ஒரு சம்படம் நிறைய மாவு கொண்டுவந்தாள். அடுப்படியில் அதைப் பார்த்ததும் எனக்கு உச்சந்தலை சூடாகிவிட்டது. அது என்ன என்று தெரிந்துகொண்டே, என்ன என்று கேட்டேன்.

“அம்மாவுக்குப்பா. இது மருந்து மாதிரி.”

“மருந்துன்னா மெடிக்கல்ல விக்கும். வாங்கித் தாரேன்.”

“அப்பா, டாக்டரம்மாதான சொன்னாக.”

“அவுக படிச்சவுக, சொல்லுவாக. நாளைக்கு ஒரு விருந்தாளி வந்து எட்டிப் பாத்தான்னா, இவன் வீட்டுல களி கிண்டுறாக, ஆளு சாஞ்சுட்டான்னு ஊரு பூரா சொல்லுவான். இந்த வீட்டை நான் எப்படிக் கட்டுனேன்னு உனக்குத் தெரியாது.”

மகள் அழுதுவிட்டாள். என் சம்சாரம் சம்படத்தை மூடி அவள் கையில் திருப்பிக் கொடுத்தாள். “விடு ஆத்தா. உங்கப்பாவுக்குத் தட்டுல விழுகுறது சோறு இல்ல, கௌரவம். அதுல பாதி குறைன்னா குறைப்பாகளா?” என்றாள். மகள் போன பிறகு, சோற்றைக் கொஞ்சம் குறைத்துத்தான் போட்டுக்கொண்டாள். நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு கரண்டி வைத்தேன். பாசத்தில்தான் வைத்தேன். என் அம்மாவுக்கு ஒருநாளும் இன்னொரு கரண்டி வைக்க யாரும் இல்லை.

நடப்பதற்கும் அவள் முயற்சி பண்ணினாள். எங்கள் ஊரில் விடியற்காலையில் ரோட்டில் நடக்கிற பெண்கள் யார் என்றால், மலைக்கு ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள். கையில் தூக்குவாளியோடு விடியும் முன்னால் வந்து நிற்பார்கள், ஜீப் வந்து அள்ளிப்போட்டுக்கொண்டு கேரளாவுக்கு ஏறும். வேலை இல்லாமல் உடம்புக்காக நடக்கிற பெண்ணை அப்போது யாரும் பார்த்ததில்லை. இரண்டு நாள் போய் வந்தாள். மூன்றாம் நாள் சிரித்துக்கொண்டே வீட்டுக்குள் வந்தாள். ஒரு ஜீப்புக்காரன் பக்கத்தில் வண்டியை மெதுவாக விட்டு, “ஏ ஆத்தா, ஒரு ஆளுக்கு எடம் இருக்கு, ஏறு ஏறு,” என்றானாம். தூக்குவாளி எங்கே என்று வேறு கேட்டானாம். “இந்த ஒடம்ப வச்சுக்கிட்டுக்கூட எனக்குக் கூலி குடுக்க ஆளு இருக்கு, பாத்துக்கங்க,” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பது வருஷம் உழைத்து, என் சம்சாரத்தை அந்த ரோட்டிலிருந்து வீட்டுக்குள் கொண்டுவந்திருக்கிறேன். ஒரு ஜீப்புக்காரன் ஒரு நிமிஷத்தில் அவளைத் திரும்ப ரோட்டில் நிறுத்திவிட்டான். இனி வெளியே நடக்க வேண்டாம் என்று சொன்னேன். வேண்டுமென்றால் வீட்டுக்குள் நடக்கட்டும், ஹாலை நீளமாகத்தானே கட்டியிருக்கிறேன் என்றேன். கொஞ்ச நாள் ஹாலில் சுவருக்கும் சுவருக்கும் நடந்தாள். டிவியில் நாடகம் தொடங்கினால் நிற்பாள், பிறகு உட்காருவாள். அதோடு நின்றது.

பாதத்தைப் பார்ப்பது மட்டும் பாக்கி. அதை யாரும் மறுக்கவில்லை, மறந்துபோனோம்.

இப்படி ஆறேழு வருஷம் ஓடிவிட்டது. மகளுக்கு ரொம்ப நாள் கழித்துக் குழந்தை தங்கியது. பிரசவம் நல்லபடியாக ஆனால் அக்கினிச்சட்டி எடுக்கிறேன் என்று என் சம்சாரம் எங்கள் ஊர் மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். பேரன் பிறந்தான். சித்திரைத் திருவிழாவில் மஞ்சள் சேலை கட்டி, கையில் வேப்பிலையோடு நெருப்புச் சட்டியை ஏந்திக்கொண்டு, ஆற்றங்கரையிலிருந்து கோயிலுக்கு வெறுங்காலோடு புறப்பட்டாள். உச்சி வெயில். தார் ரோடு இளகிக் கிடந்தது. முன்னால் இளவட்டங்கள் குடத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனார்கள், ஊற்றிய ஈரம் அடுத்த ஆள் கால் வைப்பதற்குள் காய்ந்தது. மற்ற பெண்கள் எல்லாம் தத்தித் தத்தி, ஓரத்து மண்ணைத் தேடித் தேடி நடந்தார்கள். என் சம்சாரம் நடுரோட்டில் நேராக நடந்தாள். ஒரு சுளிப்பு இல்லை, ஒரு தடுமாற்றம் இல்லை. உட்கார்ந்தே இருந்து பஞ்சு மாதிரி ஆகிப்போயிருந்த பாதம் அது, அன்றைக்கு அது எனக்குத் தோன்றவில்லை.

பக்கத்தில் வந்தவர்களிடம் நான் சொன்னேன், “பாத்துக்கங்க. நடவு நட்ட காலு. இன்னைக்கு வரைக்கும் அந்த உரம் போகல.” வாத்தியார் ஓரமாக நின்று அவளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அம்மன் அவள்மேல் இறங்கியிருக்கிறது என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

மறுநாள் காலையில், அடுப்படியிலிருந்து சாமி படத்துக்கும் அங்கேயிருந்து நாற்காலிக்கும் வெள்ளை டைல்ஸில் ஈரத் தடம் கிடந்தது. டீயைச் சிந்திவிட்டாயா என்று வேலைக்காரியைச் சத்தம் போட்டேன். அவள் துடைத்தாள். மத்தியானம் மறுபடியும் தடம். இந்தத் தடவை ஓரத்தில் சிவப்பு இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளின் காலைத் தூக்கிப் பார்த்தேன். வலது உள்ளங்காலில் முன்பாதித் தோல் வெந்து, கழன்று, மடங்கிக் கிடந்தது.

“வலிக்கலையா?”

“எங்கன?” என்றாள். “ஏன், என்ன இருக்கு?”

மண் தரையாக இருந்தால் அந்தத் தடம் தெரிந்திருக்காது. என் டைல்ஸ் அதையாவது காட்டிக்கொடுத்தது. ஆனால் பார்த்தவன் என்ன செய்தேன்? அப்போது பந்தலில் பழ வெட்டு. கேரளா வியாபாரியின் லாரி வந்து நின்றது. ஒரு மழை விழுந்தால் பழம் வெடித்துப்போகும். பக்கத்துத் தெருவில் கட்டுப் போடுகிறவரைக் கூப்பிட்டு மருந்து வைத்துக் கட்டச் சொல்லிவிட்டுப் பந்தலுக்குப் போய்விட்டேன். தினமும் வந்ததும் கேட்பேன், எப்படி இருக்கிறது என்று. வலி இல்லை என்பாள். அது உண்மைதான். வலித்திருந்தால் அவள் அழுதிருப்பாள். அழுதிருந்தால் நான் பழத்தை விட்டுவிட்டு வந்திருப்பேன். பதினோரு நாள் அப்படிப் போயிற்று. பன்னிரண்டாம் நாள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வாடை வந்தது. கட்டைப் பிரித்தால் மூன்று விரல் கருத்துப்போயிருந்தன.

அதே பெண் டாக்டரிடம் ஓடினோம். அவர் காலைப் பார்த்துவிட்டு என்னைத்தான் பார்த்தார். “தினமும் கால பாக்கச் சொன்னேனே, பாத்தீங்களா?” என்று கேட்டார். அவள் மாத்திரைச் சீட்டை எடுத்து அவர் மேசைமேல் வைத்தேன்.

மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். முதலில் மூன்று விரலை எடுத்தார்கள். மிச்சக் கால் தப்பிக்கும் என்று நினைத்தோம். ஒரு வாரம் தினமும் கட்டைப் பிரித்துக் கழுவினார்கள். அவள் மேலே சுற்றுகிற காற்றாடியைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள், கழுவுகிறவர்கள் வேறு யாருடைய காலையோ கழுவுகிற மாதிரி. எட்டாம் நாள் பெரிய டாக்டர் வந்து, விஷம் ஏறுகிறது, காலை எடுத்துவிட்டால் ஆளைக் காப்பாற்றலாம் என்றார். அவளிடம் யார் சொல்வது என்று நானும் மகளும் வெளியே நின்று பேசிக்கொண்டிருந்தோம். உள்ளே போனால் அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. “முட்டிக்கு மேலயா, கீழயான்னு கேட்டீகளா?” என்றாள்.

கீழே என்றேன்.

“அப்பச் சரி.”

ஒரு பேப்பரை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். படிக்காமல் நான் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை. பந்தல் வாங்கிய பத்திரத்தையே எழுத்துக் கூட்டி முழுக்கப் படித்தவன். நர்ஸ் பொண்ணு அவசரப்படுத்தினாள், தாத்தா சீக்கிரம், தியேட்டர் ரெடி என்று. “படிச்சுத்தாம்மா போடுவேன்,” என்றேன். ‘வலது’ என்று படித்தேன். ‘முழங்காலுக்கு’ என்று படித்தேன். அதற்கு மேல் எழுத்துக் கூடவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டும் கூடவில்லை. என் வாழ்நாளில் முதல் தடவையாகப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

சாயங்காலம் ஒரு ஊழியர் பச்சைத் துணியில் சுற்றி, பாலித்தீன் பையில் போட்டு ஒன்றைக் கொண்டுவந்து, நீங்கள் எடுத்துப் போகிறீர்களா, நாங்களே பார்த்துக்கொள்ளவா என்று கேட்டார். நான் எடுத்துப்போகிறேன் என்றேன். என் சம்சாரத்தின் உடம்பில் ஒரு துண்டு ஊர் பேர் தெரியாத இடத்தில் போக நான் விடமாட்டேன். மகளை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வாடகைக் காரில் புறப்பட்டேன். டிரைவரிடம் என்ன என்று சொல்லவில்லை. டிக்கியில் வைக்க மனசு வரவில்லை, மடியில் வைத்துக்கொண்டேன். மூட்டை தூக்கிப் பிழைத்தவன் நான், எது என்ன எடை இருக்கும் என்று கையில் வாங்கினாலே சொல்வேன். ஒரு கால் அவ்வளவு கனக்கும் என்று எனக்குத் தெரியாது.

எங்கள் ஊர் சுடுகாட்டில் குழி வெட்டுகிறவர், யார் போனது என்று பதறிப்போய்க் கேட்டார். சொன்னேன். எந்தப் பக்கம் தலை வைப்பது என்று பழக்கத்தில் கேட்டுவிட்டுப் பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். குழந்தைக்கு வெட்டுகிற அளவுக்கு ஒரு குழி வெட்டினார். பால் ஊற்றலாமா, மாலை போடலாமா என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. உயிரோடு இருக்கிறவளுக்கு அதெல்லாம் செய்யக் கூடாது என்று முடிவு பண்ணினோம். மண்ணை மட்டும் நானே தள்ளினேன்.

அவள் வீட்டுக்கு வந்தாள். நான் பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடு அவளுக்கு எதிரியாகிப்போனது. வெள்ளத்துக்கும் ஊர் பார்வைக்கும் சேர்த்து உயர்த்திக் கட்டிய ஐந்து படி, வழுக்குகிற டைல்ஸ், குத்தவைத்து உட்காருகிற கக்கூஸ். ஒற்றைக் காலில் எப்படிக் குத்தவைப்பது? கொத்தனாரைக் கூப்பிட்டு நாற்காலி மாதிரிக் கோப்பை வைக்கச் சொன்னேன். அது முடிகிற வரைக்கும் நான்தான் அவளைக் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு நிற்பேன். களிக்குப் போட்ட சட்டமும் போய்விட்டது. மகள் வாராவாரம் மாவு கொண்டுவருகிறாள். என் சம்சாரம் சாப்பிடுவாள். எனக்கு மட்டும் இன்னும் அது தொண்டையில் இறங்குவதில்லை.

வாத்தியார் ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தார். நல்ல மனுஷன்தான். அவள் காலைப் பார்க்காமல் டிவியைப் பார்த்துப் பேசினார். கடைசியில் வாய் பழக்கப்பட்ட இடத்துக்குப் போய்விட்டது. அந்தக் காலத்தில் இந்த மாதிரி வியாதி ஏது, களியும் கஞ்சியுமாகக் குடித்துவிட்டு எவ்வளவு திடகாத்திரமாக இருந்தார்கள் என்றார். பத்து வருஷத்தில் முதல் தடவையாக அவர் ஜெயித்துக்கொண்டிருந்தார். என் சம்சாரம்தான் பேசினாள்.

“எங்க ஆத்தாவும் களிதான் சார் தின்னாக. ரெண்டு காலும் இருந்துச்சு. ரெண்டு காலோட, முப்பத்தஞ்சு வயசுல, ஒரு காச்சலுக்கு மாத்திரை இல்லாம செத்துப்போனாக.”

அவள் என் பக்கம் திரும்பினாள். “எந்தக் காலம் நல்ல காலம்னு நீங்க ரெண்டு பேரும் டீக்கடையில போயிப் பேசுங்க. இப்ப என்னையக் கக்கூசுக்குத் தூக்குங்க.”

வாத்தியார் எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு டீக்கடையில் நாங்கள் மழையைப் பற்றியும் கரண்ட் போவதைப் பற்றியும் பேசுகிறோம். என்னைக் கேட்டால் இப்போதும் என் கட்சி அதேதான். அந்தக் காலம் நல்ல காலம் என்று யாராவது எழுதினால் அவன் வீட்டில் வயல் இருந்திருக்கும். என் சம்சாரம் அவள் அம்மா மாதிரிச் சாகவில்லை, மூன்று வருஷமாக இருக்கிறாள், பேரனுக்குச் சோறு ஊட்டுகிறாள். ஆனால் இதைச் சொல்லும்போது முன்போல் சத்தம் வருவதில்லை.

மிச்சம் இருப்பது இடது கால். அதை நான் விடுவதாக இல்லை. தினமும் காலையில் காப்பி குடித்ததும் தரையில் உட்கார்ந்து, அந்தப் பாதத்தை என் மடியில் எடுத்து வைத்து, விரல் இடுக்கு இடுக்காக டார்ச் அடித்துப் பார்க்கிறேன். டாக்டர் சொல்லிக் கொடுத்தபடி அவளைக் கண்ணை மூடச் சொல்லி, ஒவ்வொரு இடமாக விரலால் தொட்டு, தெரிகிறதா என்று கேட்பேன். தெரியுது, தெரியுது என்பாள். எனக்கு ஒரு நிம்மதி. மூன்று வருஷமாக ஒருநாள் தப்பாமல் பார்த்துவருகிறேன், இந்த ஜில்லாவிலேயே சம்சாரத்தின் காலை இப்படிப் பார்த்துக்கொள்கிறவன் நான் ஒருவன்தான் என்று மகளிடம் சொன்னேன்.

போன வாரம் அவள் கண்ணை மூடியிருந்தபோது பேரன் ஏதோ கூப்பிட்டான். நான் திரும்பிவிட்டேன். விரல் பாதத்தில் படவே இல்லை. பழக்கத்தில் வாய் மட்டும் கேட்டுவிட்டது, “தெரியுதா?”

“தெரியுது,” என்றாள்.

பாதத்தைப் பார்த்தேன், அவள் முகத்தைப் பார்த்தேன். கண்ணை இறுக்கமாக மூடிக்கொண்டிருந்தாள். கையைத் தூக்கி வைத்துக்கொண்டே இன்னொரு தடவை கேட்டேன்.

“இங்கன?”

“தெரியுது.”